காஞ்சியைக் கண்டீர், தணிகையைக் கண்டீரோ?

தலைநகர் காணப் புறப்படுவோர்க்கென எழுதப்படும் வழிகாட்டி நூல்களில் ஒரு குறையை நாம் நெடுநாளாகக் கண்டு வருகிறோம். பல்லவர் கட்டடக்கலை என்றதும் அவை நம்மைக் காஞ்சிக்கு இழுத்துச் செல்லும். இராசசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலையும், நந்திவர்மப் பல்லவமல்லன் எழுப்பிய வைகுந்தப் பெருமாள் கோயிலையும், அதன் சுற்றுமாளிகைச் சுவரில் வரிவரியாய்ச் செதுக்கிய பல்லவர் வரலாற்றையும் காட்டும். காணத்தக்கவையே; மறுப்பார் யார்? ஆனால், கட்டியவன் யார் என்று கேட்டால், மன்னன் பெயரைச் சொன்னதும் அந்நூல்கள் வாய் மூடிக்கொள்கின்றன. முன்னின்று கட்டுவித்தவன் ஒருவன் இருந்திருக்கமாட்டானா? கல்லுடைத்த கைகள் யாருடையவை? மணிமுடிக்குக் கீழே மனிதர்களே இல்லையா?

இருந்தார்கள். அவர்களுள் ஒருவன் பெயரைக் காண விழைவோர், காஞ்சிக்கு வடக்கே அரக்கோணத்தைக் கடந்து திருத்தணிக்கு வரவேண்டும். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அப்பக்கம் போய், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பயனாய் 1960 ஏப்ரல் 1இல் தமிழகத்தோடு இணைந்த ஊர் அது. ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து 365 படி ஏறும் பெருங்கூட்டத்துள், கீழே நந்தியாற்றங்கரையில் நிற்கும் வீரட்டானேசுவரர் கோயிலைத் தேடி நடப்போர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சிறிய கோயில்தான். கைலாசநாதர் கோயிலைச் சூழ்ந்த 58 சிறு கோயில்களின் பெருமிதம் இங்கில்லை. முன்புறம் நேர்ச்சுவர், பின்புறமோ, படுத்துறங்கும் யானையின் பின்னுடல்போல் வளைந்து செல்லும். தூங்கானை மாடம் எனத் தமிழர் இதற்கு இட்ட பெயரே ஓர் ஓவியம்! மாமல்லையின் சகாதேவ இரதமும் இவ்வடிவமே. அங்கே பக்கத்தில் கல்யானை ஒன்றையும் நிறுத்தி வைத்தான் சிற்பி, விளங்காதவர்க்கும் விளங்கட்டும் என்பதுபோல! அங்கு பாறையில் செதுக்கியதை இங்கு கருங்கல் அடுக்கிக் கட்டினர். கைலாசநாதர் கோயிலின் மணற்கல் உளிக்கு எளிதில் இணங்கியது. மழைக்கும் காற்றுக்கும் அவ்வாறே இணங்கித் தேய்ந்தது. கருங்கல் உளியோடு மல்லுக்கு நிற்கும் கல். அதனாலோ என்னவோ, தணிகைச் சுவரில் ஆரவாரம் இல்லை. கோட்டத்துக்கு ஒரு சிலை, இடையிடையே வெறுஞ்சுவர். அளவறிந்து பேசும் புலவனைப் போன்ற அவ்வடக்கமே முற்காலச் சோழர் கோயில்களுக்கு வழி காட்டியது என்பது நம் கருத்து.

இனிக் கல்வெட்டைப் பார்ப்போம். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி. அபராசிதவர்மனின் 18ஆம் ஆட்சியாண்டு. கற்றளி எடுத்தவன் பெயர் நம்பி அப்பி. வேந்தனல்லன், வேந்தன் மகனுமல்லன். நற்கலைகளைக் கற்றுத் தேர்ந்தவன், கருங்கல்லால் அழகுறச் செய்தவன் என்று ஒரு வெண்பா அவனைப் புகழ்கிறது. பாடியவர் யார்? பெருமானடிகள் தாமே பாடியது என்று கல்லே கூறுகிறது. அப்பெருமானடிகள் அபராசிதனே என்பர் ஆய்வாளர். புலவன் பாட, புரவலன் கேட்டுப் பொன் தருவதே நாம் படித்த வரலாறு. இங்கோ அரியணை பாடுகிறது. குடிமகன் பாட்டுடைத் தலைவனாகிறான்! அதுவும் வடமொழியிலன்று, தமிழ் வெண்பாவில். மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் குடைந்ததாக மகேந்திரவர்மன் வடமொழியில் தன்னையே பாராட்டிக்கொண்டதை இதனோடு வைத்துப் பாருங்கள், வேறுபாடு விளங்கும். கல்தச்சர் பெயர் இவ்வெண்பாவிலும் இல்லை என்பது உண்மையே. அக்குறையை நாம் மறைக்கமாட்டோம்.

அபராசிதனின் ஆட்சி அதன்பின் நெடிது நிற்கவில்லை. ஆதித்த சோழன் அவனை வென்று தொண்டை நாட்டைக் கைக்கொண்டான். தோற்ற அபராசிதனின் செப்பேடும், வென்ற ஆதித்தனின் மகன் பராந்தகனின் செப்பேடும் 1977இல் திருத்தணியை அடுத்த வேலஞ்சேரியில் ஒருங்கே கிடைத்தன. நாம் கண்ட வழிகாட்டி நூல்களில் அவ்வூரின் பெயரே இல்லை.