இழுத்த இழுப்புக்கு எழுத்து

நாரணாபுரம் பக்கம் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் பரவாயில்லை. தீபாவளிக்கு தீபாவளி அது உங்கள் வீட்டுக்கே வருகிறது. சிவகாசியை ஒட்டிய இந்த வட்டாரத்தில் பட்டாசும் அச்சும் அண்ணன் தம்பி. பட்டாசு வெடித்துப் போய்விடும், மிஞ்சுவது பெட்டி. இந்த வார விமரிசனம் அந்தப் பெட்டிக்கு.

நம் ஊர் டி.டி.பி. சென்டர்களில் இந்த மாதிரி வேலைக்குப் பெரும்பாலும் கோரல்டிராதான். 1989-ல் கனடாவில் பிறந்த இந்த மென்பொருள் அடிப்படையில் படம் வரைவதற்கானது. நம்மவர்கள் அதிலேயே கல்யாணப் பத்திரிகை, காலண்டர் என்று முழுப் பக்கமும் கட்டிவிடுவார்கள். தப்பில்லை. போட்டோ என்பது புள்ளிகள். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகப் பல்லிளிக்கும். வெக்டர் படம் என்பது கணக்கு. கோடு எங்கே ஆரம்பித்து, எப்படி வளைந்து, எங்கே முடிகிறது என்பதை மட்டும் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். 1960-களில் ரெனோ கம்பெனியின் பியர் பெஸியே கார் உடம்பை வளைக்கப் பயன்படுத்திய அதே சூத்திரம்தான் சங்குசக்கரப் பெட்டியில் மயில் கழுத்தை வளைக்கிறது. தீப்பெட்டி லேபிளை ஃப்ளெக்ஸ் பேனர் அளவுக்கு இழுங்கள், பிசிறடிக்காது.

வினை இந்த 'இழு'வில்தான். மயிலை இழுத்த கை எழுத்தையும் இழுக்கிறது. பட்டாசின் பெயரை அகலவாட்டில் இழுத்தால் நெட்டுக்கோடு தடிக்கும், படுக்கைக்கோடு அப்படியே நிற்கும். பிறகு எச்சரிக்கை வாசகத்துக்கு ஏது இடம்? அதை நசுக்கி மூலையில் திணித்தால், சுழிகளில் மை அடைத்து எது 'ண', எது 'ன' என்று தெரியாது. தூரிகைக் காலத்தில் இழுக்கும் வசதி கிடையாது; இடத்தை அளந்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

அப்புறம் கன்ட்ரோல்-க்யூ. அச்சகத்தில் அந்த ஃபான்ட் இருக்குமோ என்னவோ என்று எழுத்தையெல்லாம் வளைவுகளாக மாற்றி அனுப்புகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் மாற்றிய நிமிஷமே எழுத்து, எழுத்தாக இல்லை, படம். ஒரு கொம்பு விட்டுப்போனால்கூட டைப் அடித்துத் திருத்த முடியாது. மூல ஃபைலைப் பத்திரப்படுத்தாவிட்டால், அடுத்த வருஷம் அதே பிழை புது கலரில் வரும்.

டிசைனர்களே, எச்சரிக்கையை முதலில் வையுங்கள். மிச்ச இடத்தில் மயில் ஆடட்டும்.

வாசகர்களே, அடுத்த தீபாவளிக்குத் திரியைப் பற்றவைக்குமுன் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தால், கோளாறு கண்ணில் இல்லை.