குத்தகை நிலத்தில் நட்ட தென்னை

குத்தகை நிலத்தில் தென்னங்கன்று நடுகிறீர்கள். நீர் ஊற்றி வளர்க்கிறீர்கள். மரம் காய்க்கத் தொடங்கியதும் நிலத்துக்காரர் வந்து, "இனிக் காய்க்கு இவ்வளவு" என்கிறார். கணிப்பொறி விளையாட்டுகளை உருவாக்குவோர்க்கு 2023 செப்டம்பரில் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது.

விளையாட்டில் பந்து எவ்வாறு துள்ளும், நிழல் எங்கே விழும் என்பவற்றைக் கணக்கிட்டுத் தரும் அடிப்படை மென்பொருளை 'விளையாட்டுப் பொறி' என்பர். அவற்றுள் புகழ்பெற்றது யூனிட்டி. தொடக்கநிலையினர் அதை விலையின்றியே பெறலாம். ஆனால் அந்நிறுவனம் புதிய விதியொன்றை அறிவித்தது. விலையில்லாப் பதிப்பில் உருவான விளையாட்டின் ஓராண்டு வருவாய் 2 இலட்சம் டாலரையும், அது நிறுவப்பட்ட எண்ணிக்கை 2 இலட்சத்தையும் தாண்டினால், 2024 ஜனவரி முதல் புதிதாக நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் 20 அமெரிக்க சென்ட் கட்டணம். முன்பே வெளிவந்த விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும்!

எதிர்ப்பு வலுத்தது. விதி சில நாட்களில் தளர்ந்தது. 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. "பிறகென்ன குறை?" என்று கேட்பீர்கள். குறை 20 சென்ட்டில் இல்லை. பழைய பதிப்பை வைத்திருப்போர் பழைய நிபந்தனையிலேயே நீடிக்கலாம் என்று 2019-இலேயே அந்நிறுவனம் சொல்லியிருந்தது. அந்தச் சொல் நிலைக்கவில்லை. இப்போது மீண்டும் உறுதி தந்துள்ளது. நம்புவதும் நம்பாததும் நம் பொறுப்பு.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. அர்ஜென்டினாவில் உருவான கோடோ என்னும் பொறி, 2014-இல் எம்.ஐ.டி. உரிமத்துடன் பொதுவில் வைக்கப்பட்டது. இவ்வுரிமம் ஒரு பக்கத்திற்குள் அடங்கும். பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கலாம். உரிமக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது. உருவாக்கியவர்களே நாளை வழி மாறினாலும், கையிலுள்ள பதிப்பைக் கொண்டு மற்றவர்கள் பணியைத் தொடரலாம்.

கோடோவிலும் குறையுண்டு. பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கருவிகளுக்கு ஏற்ப மாற்றும் வசதி அதனுடன் வருவதில்லை. அக்கருவி நிறுவனங்களின் இரகசிய ஒப்பந்தங்களே காரணம். அதற்கு வேறு நிறுவனங்களை நாட வேண்டும். பழுது நேர்ந்தால் பொறுப்பேற்பதாகவும் உரிமம் கூறவில்லை.

ஆகவே மாணவ நண்பர்களே, மென்பொருளைத் தேர்ந்தெடுக்கையில் "விலை என்ன?" என்று மட்டும் கேளாதீர்கள். யூனிட்டியும் விலையின்றித்தான் கிடைத்தது. விலையின்மை வேறு, உரிமை வேறு. "நாளை இந்த நிபந்தனையை மாற்றும் அதிகாரம் யாரிடம்?" என்று கேளுங்கள். கன்றை நடுமுன் பட்டாவைப் பார்ப்பது நல்லதல்லவா?