மானம் யாருடைய சொத்து?

2017 அக்டோபர் 23. கந்துவட்டிக் கொடுமை தாளாமல் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தது. நால்வரும் இறந்தார்கள். மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த குடும்பம் அது. கார்ட்டூனிஸ்ட் பாலா இதைப் படமாக வரைந்து முகநூலில் போட்டார். தரையில் எரியும் குழந்தை. நோட்டுக் கட்டுகளால் அம்மணத்தை மறைத்தபடி நிற்கும் முதல்வர், ஆட்சியர், காவல் ஆணையர். ஆட்சியர் புகார் கொடுத்தார். நவம்பர் 5 அன்று பாலா கைது செய்யப்பட்டார். அவதூறானதை அச்சிட்டதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 501, ஆபாசம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67. மறுநாளே பிணை கிடைத்தது. ஆனால் வழக்கு ரத்தாவதற்கு 2021 ஆகிவிட்டது.

ஆபாசம் எது, எரிந்த குழந்தையா, அதைக் காட்டிய கோடா? இந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்வதே குற்றவியல் அவதூறுச் சட்டத்தின் வேலை.

1860இல் காலனி அரசு எழுதிய 499ஆம் பிரிவைச் சற்றுக் கவனமாக வாசிக்க வேண்டும். நற்பெயருக்குக் கேடு என்றால் என்ன என்று அதன் நான்காவது விளக்கம் சொல்கிறது. பிறருடைய மதிப்பீட்டில் ஒருவரின் ஒழுக்கமோ அறிவோ தாழ வேண்டும். அல்லது அவருடைய சாதி, தொழில் சார்ந்த மதிப்பு தாழ வேண்டும். ஆம், சாதி என்றே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் அந்தச் சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சட்டத்துக்கு வேறு பெயர் வைத்தவர்கள் இதை மட்டும் தொடவில்லை.

ஆக, நற்பெயர் என்பது எல்லோருக்கும் பிறப்போடு வரும் கண்ணியம் அல்ல. ‘பிறர்’ கொடுக்கும் மதிப்பு அது. அந்தப் பிறர் வாழ்வது படிநிலைச் சமூகத்தில். ‘மானம் மருவாதி போச்சு’ என்று நீதிமன்றம் ஏற முடிகிறவன் ஏற்கெனவே மருவாதி உள்ளவன். தெருவில் தினமும் சாதி சொல்லித் திட்டப்படுகிறவனுக்கு இழப்பதற்கு நற்பெயர் இருப்பதாக இந்தச் சட்டத்தின் கற்பனைக்கு எட்டவே இல்லை. அதனால்தான் அவனுக்கு வேறொரு சட்டம், 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தேவைப்பட்டது.

2016 மே 13 அன்று சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 499ஆம் பிரிவைச் செல்லும் என்றது. அதற்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று ‘அரசியலமைப்பு சார்ந்த சகோதரத்துவம்’. இங்கேதான் நமக்கு உறுத்த வேண்டும். முகப்புரையில் சகோதரத்துவத்தை அம்பேத்கர் வைத்தது சாதிக்கு எதிராக. அதே சொல், சாதி மதிப்பைப் பொதிந்து வைத்திருக்கிற ஒரு பிரிவுக்கு முட்டுக்கொடுக்கும் சொல்லாடலாகத் திருப்பப்பட்டிருக்கிறது. சகோதரத்துவம் கீழே இருப்பவனைத் தூக்கிவிடச் சொல்கிறது. மேலே இருப்பவனைப் பேசாதே என்று சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாமா? போதாது. அது பொது நன்மைக்காகவும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். பொது நன்மையை நிரூபிக்க நடையாய் நடக்க வேண்டியது பேசியவர். அமைச்சர், அரசு ஊழியர் என்றால் அவர்களுக்காக அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் தரலாம். நம் வரிப்பணத்தில் அவர்களுடைய மானம். தமிழக அரசு தொடுத்த இத்தகைய வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம், என். ராம் உள்ளிட்டோர் வழக்கில், ரத்து செய்தது. அதற்குள் பல ஆண்டுகள் போய்விட்டன. தண்டனை தீர்ப்பில் இல்லை, வாய்தாவில் இருக்கிறது.

அச்சுக் காலத்தில் ஆசிரியர், முதலாளி, விளம்பரதாரர் என்று பல வடிகட்டிகள். இணையம் அவற்றைத் தாண்டிப் பேசவைத்தது. 2015இல் 66ஏ செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் கொண்டாடினோம். பழைய ஆயுதம் உறையிலேயே இருந்ததை மறந்துபோனோம். 2018இல் எம்.ஜே. அக்பரைப் பற்றி ட்விட்டரில் எழுதிய பிரியா ரமணி மீது பாய்ந்தது அதுதான். 2021 பிப்ரவரியில் அவரை விடுவித்த டெல்லி நீதிமன்றம், பெண்ணின் கண்ணியத்தை விலையாகக் கொடுத்து ஒருவரின் நற்பெயரைக் காக்க முடியாது என்றது. அக்பர் மேல்முறையீட்டுக்குப் போனார்.

நம்மிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. இணையத்தில் எழுதும் பெண்கள் மீது கொட்டப்படும் அசிங்கத்துக்கு என்ன பதில்? மிரட்டல், பாலியல் வசை, சாதி வசை ஆகியவை நற்பெயர் பிரச்சினை அல்ல, வன்முறை. அவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. பொய்யால் இழப்பு என்றால் உரிமையியல் நீதிமன்றம் உண்டு. இலங்கை 2002இல் குற்றவியல் அவதூறை நீக்கியது, இங்கிலாந்து 2010இல். அங்கெல்லாம் யார் மானமும் கப்பலேறிவிடவில்லை. அதே இலங்கை 2024இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் என்று இன்னொரு கதவு வழியாக வந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

எதிராளி மீது 499 பாயும்போது கைதட்டுகிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அன்றைக்கு நாம் ஒப்புக்கொள்வது அந்த நான்காவது விளக்கத்தையும் சேர்த்துத்தான்.