நெரிசலில் கொதிக்கும் எஞ்சின்: ஓபிடி ஸ்கேனர் எவ்வளவு உதவுகிறது?

பல சிறிய கார்களின் டேஷ்போர்டில் எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்துவிட்டால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள் இருக்கும் கார்கள் பலவற்றிலும் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினால் முள் அசைவதில்லை, நடுவிலேயே நிற்கும். அதனால் சிவப்பு விளக்கு எரியும்வரை ஓட்டுபவருக்கு எதுவும் தெரிவதில்லை. காரின் கணினியில் பதிவாகும் அளவுகளைப் போனில் காட்டும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் ஓபிடி ஸ்கேனரை நான் வாங்கியது இதற்காகத்தான். சென்னையின் கிண்டியிலும் வடபழனியிலும் ஏசி போட்டபடி நெரிசலில் நின்றால் என் பழைய ஹேட்ச்பேக் சூடாகும். ஜிஎஸ்டி சாலையில் வேகம் பிடித்ததும் தானாகவே ஆறிவிடும். ஒர்க்‌ஷாப்பில் பார்த்தவர்கள் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள்.

கருவி தீப்பெட்டி அளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருக வேண்டும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-4 கார்களில் ஓபிடி-2 கட்டாயம். அதைவிடப் பழைய வண்டி என்றால், யாரிடமாவது இரவல் வாங்கிச் செருகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உள்ளே இருக்கும் இஎல்எம்327 சிப் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் வடிவமைத்தது. அதன் முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் வசதியை இயக்காமல் விட்டுவிட்டார்கள். மலிவு விலையில் இன்று விற்பவை பெரும்பாலும் அதன் நகல்கள்தான். வெப்பத்தைப் படிக்க நகலே போதும். ஆனால் சில நகல்கள் எல்லாக் கட்டளைகளுக்கும் பதில் தருவதில்லை என்பதால், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குவது நல்லது. ஆண்ட்ராய்டு போனில் 1234 என்ற எண்ணைக் கொடுத்ததும் இணைந்துவிட்டது. ஐபோனுக்குச் சாதாரண புளூடூத் ஸ்கேனர் சரிப்படாது. அதற்கென்று சொல்லி விற்கும் வகையையோ வைஃபை வகையையோ வாங்க வேண்டும்.

‘டார்க் லைட்’ (Torque Lite) என்ற இலவசச் செயலியே எனக்குப் போதுமாக இருந்தது. கூலன்ட் வெப்பத்தை வரைபடமாகத் திரையில் வைத்துக்கொண்டேன். முதலில் சென்சாரை நம்பலாமா என்று பார்த்துவிட வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் வெப்பம் −40 என்று காட்டினால் எஞ்சினில் கோளாறு தேட வேண்டாம். பெரும்பாலும் சென்சார் ஒயர்தான் அறுந்திருக்கும். என் வண்டியில் இரண்டு எண்களும் ஒத்துப்போயின.

பிறகு நெரிசலுக்குள் போனேன். போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் எண்களைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஓட்டுபவர் இதைப் பார்த்துக்கொண்டு ஓட்டக் கூடாது. ஓடும்போது 90 டிகிரியை ஒட்டி இருந்த வெப்பம், சிக்னலில் நின்றதும் 97, 101, 105 என்று நிற்காமல் ஏறியது. ஏசியிலும் குளிர்ச்சி குறைந்தது. வண்டி நகர்ந்து காற்று பட்டதும் இறங்கியது. ரேடியேட்டர் அடைத்திருந்தால் நெடுஞ்சாலையில், அதுவும் ஏற்றத்தில், சூடு கூடியிருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தால் வேகம் பிடித்தாலும் ஆறியிருக்காது. நின்றால் மட்டும் ஏறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபேனைத்தான். வண்டி நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று கொடுக்க ஃபேனை விட்டால் வேறு எதுவும் இல்லை.

ஸ்கேனர் இதற்கு மேல் வராது. ஃபேன் சுற்றுகிறதா என்று அதற்குத் தெரியாது. என் வண்டியில் கோளாறு எண் எதுவும் பதிவாகவும் இல்லை. ஒதுக்குப்புறமாக நிறுத்தி, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்தேன். ஃபேனுக்கு மின்சாரம் அனுப்பும் ரிலே ‘டக்’ என்று தட்டும் ஓசை கேட்டது, ஃபேன் சுற்றவில்லை. எஞ்சினை அணைத்து ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஃபியூஸ் பெட்டியிலேயே அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலே இருந்ததால், அதை எடுத்து ஃபேன் ரிலே இருந்த இடத்தில் செருகினேன். மறுபடி ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டதும் ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது. பழைய ரிலேயின் மூடியை நெம்பித் திறந்தபோது, உள்ளே தொடுமுனைகள் கருகிக் குழி விழுந்திருந்தன. தட்டும் ஓசை வருகிறது, மின்சாரம் போகவில்லை. மாற்ற வேண்டியிருந்தது அந்த ஒரு ரிலேயைத்தான். ரேடியேட்டர் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. கையோடு ஏசி கண்டென்சர் இடுக்குகளில் படிந்திருந்த மண்ணையும் பூச்சிகளையும் மெதுவாகப் பாயும் நீரால் கழுவினேன். அதிவேக பம்பில் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

இப்போது அதே சிக்னலில் வரைபடம் ரம்பப் பல் போல ஓடுகிறது: 97இல் ஃபேன் ஓடத் தொடங்கும், 92க்கு இறங்கும், மறுபடி ஏறும். இந்த எண்கள் காருக்குக் கார் மாறும். ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கருவியை நம்பி ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கூலன்ட் வெளியேறி சென்சாரைச் சுற்றிக் காற்று மட்டும் இருந்தால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே திரையில் எண் குறைவாகத் தெரியலாம். அதனால் கூலன்ட் அளவை முதலில் பாருங்கள். சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள். மூடியின் அழுத்தத்தால்தான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். எஞ்சின் அணைத்திருந்தாலும் சில கார்களில் ஃபேன் தானாக ஓடும், கையை விடாதீர்கள். போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து ரேடியேட்டர் நிஜமாகவே அடைத்துக்கொள்ளும். “தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடலாம் சார்” என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

வாரண்டியில் இருக்கும் புது காருக்கு இந்த ஸ்கேனர் தேவையில்லை. வெப்பமுள் இல்லாத பழைய காரை நகரத்துக்குள் ஓட்டுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியபடியே பல நாள் விட்டால் பேட்டரி இறங்கிவிடும்.