எம்டன் கதையும் செண்பகராமன் வரலாறும்

தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லையூர்களில் ஒரு சொல் இருமொழியிலும் உலவுகின்றது. எவர்க்கும் அஞ்சாதவனைத் தமிழர் ‘எம்டன்’ என்பர். மிகப் பெரியதொன்றை மலையாளத்தார் ‘யமண்டன்’ என்பர். 1914-ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடலைக் கலக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயரே இரண்டிற்கும் வேர் என்பது மக்கள் வழக்கு. சொல்லோடு ஒரு கதையும் உடன்வரும். அக்கப்பலில் நின்று சென்னையைத் தாக்கச் செய்தவர் நம்மவராகிய செண்பகராமன் பிள்ளை என்பதே அது. விழா மேடைகளில் பன்முறை கேட்ட இக்கதையை ஈண்டு நடுநிலையோடு ஆராய்வோம்.

கார்ல் வான் முல்லர் தலைமை தாங்கிய எம்டன், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலன்கள் தீப்பற்றி எரிந்தன. அக்டோபர் 28-இல் பினாங்கில் ருஷ்யக் கப்பலொன்றை மூழ்கடித்தது. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ கப்பலால் சிதைக்கப்பட்டுக் கரைதட்டியது. இவை ஐயத்திற்கு இடமில்லாத செய்திகள்.

ஆயின், எம்டன் புறப்பட்ட இடம் ஐரோப்பா அன்று. சீனக் கரையிலுள்ள சிங்டாவோ. புறப்பட்ட நாள் ஜூலை 31. செண்பகராமனோ அவ்வாண்டு சூரிச் நகரில் இந்திய விடுதலைக் குழுவொன்றை நிறுவி நடத்திவந்தார். அக்டோபரில் பெர்லின் சேர்ந்தார். சூரிச்சில் இருந்தவர் சிங்டாவோவில் கப்பலேறியது எவ்வாறு? நாளும் இடமும் கதைக்கு உடன்படவில்லை என்பது வெளிப்படை.

அங்ஙனமாயின் கதை பிறந்தது ஏன்? ஆள்வோரின் வலிமை ஓரிரவில் ஆட்டங்கண்டதைப் பார்த்த மக்கள், அச்செயலில் தம்மவர் ஒருவர்க்கும் பங்கிருத்தல் வேண்டுமென விழைந்தனர் போலும். அவ்விழைவு இழிவானதன்று, அடிமைப்பட்டோர் கண்ட கனவு அது. எனினும் கனவைக் கனவென்று உரைப்பதே திறனாய்வின் கடமை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டாம் உலகப்போரில் சிக்கிய தமிழரைக் காட்டி 1972-இல் நூலாயிற்று. அதன் நாயகன் கற்பனைப் படைப்பு. நூலும் நாவலென்றே நம்மிடம் வருகின்றது. அதனால் எவரும் ஏமாறுவதில்லை. எம்டன் கதையோ கற்பனையாக இருந்தும் வரலாற்றின் உடையணிந்து வருகின்றது. குறை அங்கேதான் உள்ளது.

இக்குறையால் இழப்பு யாருக்கு? செண்பகராமனுக்கே. நாஞ்சில் நாட்டுக் குடியில் தோன்றி, 1891-இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, இளமையிலேயே கடல் கடந்தவர் அவர். 1915 டிசம்பரில் காபூலில் மகேந்திர பிரதாப் தலைமையில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் அயலுறவு அமைச்சராகக் குறிக்கப்பட்டவர். 1934-இல் பெர்லினில் மறைந்தார். அவர்தம் துணைவியார் லட்சுமிபாய் போற்றிக் காத்த அஸ்தி, 32 ஆண்டுகளுக்குப் பின், 1966-இல் இந்தியக் கடற்படைக் கப்பலில் கொச்சியை அடைந்தது. பீரங்கி முழங்கிய கப்பலைப் பேசும் நாம், இந்தக் கப்பலைப் பேச மறந்தோம்.

அவர் பிறந்த ஊர் இன்று கேரளத்தில். முன்னோர் நாடு 1956 முதல் தமிழகத்தில். இரண்டையும் இணைக்கும் சாலையில்தான் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் உள்ளன. அவ்வூர்களை விட்டுப் பிழைப்புக்காகப் புறப்பட்ட நம் குடும்பங்களில், பிள்ளைகள் வேற்றுமொழியில் வரலாறு பயில்கின்றனர். நாம் சொன்ன ஒன்று பொய்யென அவர்கள் ஒருநாள் கண்டால், மெய்யான மற்றவற்றையும் ஐயுறுவர். ஆதலின், எம்டனைக் கதையாகச் சொல்வோம். செண்பகராமனை வரலாறாகச் சொல்வோம். அவர் பெருமைக்கு அதுவே போதும்.