சுற்றுலா விசாவில் வந்தவரோடு கல்யாணம்

அமெரிக்கக் குடியுரிமை உள்ள பெண் ஒருத்தி. அவளைப் பார்க்கச் சென்னையிலிருந்து பி-2 சுற்றுலா விசாவில் போகிறான் அவளுடைய காதலன். விமான நிலையத்தில் ஆறு மாதம் தங்க அனுமதி தருகிறார்கள். மூன்றாவது மாதம் இருவரும் கவுண்டி அலுவலகத்துக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்கள். இதுவரை சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. சுற்றுலா விசாவில் வந்தவர் அங்கே கல்யாணம் செய்துகொள்ளத் தடை கிடையாது. கேள்வி மறுநாள்தான் எழுகிறது. அவன் அப்படியே இருந்துவிடலாமா, ஊருக்குத் திரும்ப வேண்டுமா?

வழிகள் மூன்று. அங்கிருந்தபடியே ஐ-130 மனுவையும் ஐ-485 விண்ணப்பத்தையும் சேர்த்துப் போட்டு கிரீன் கார்டு கேட்பது ஒன்று. ஊருக்குத் திரும்பி, மனைவி போட்ட ஐ-130 மனு ஏற்கப்பட்டபின் தூதரகத்தில் குடியேற்ற விசா வாங்கிக்கொண்டு போவது இன்னொன்று. மூன்றாவது, கல்யாணத்துக்கு முன்பே யோசிக்கிறவர்களுக்கானது: நிச்சயமான துணைக்குத் தரும் கே-1 விசா. இவற்றைப் பெரும்பாலும் காலத்தையும் காசையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். இரண்டும் முக்கியம்தான். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு: எந்த வழியில் போனால், அதிகாரி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி சொல்ல முடியும்?

முதல் வழியில் பிரிவு இல்லை. குடிமக்களின் கணவன் மனைவிக்கு ஆண்டு வரம்பு கிடையாது, அதனால் வரிசையும் கிடையாது. முறையாகச் சோதிக்கப்பட்டு உள்ளே வந்தவர் என்றால், அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கியதுகூட இந்த விண்ணப்பத்தைத் தடுக்காது. தடுக்கக்கூடியது, நாட்டுக்குள் நுழைந்த நேரத்தில் மனத்தில் என்ன இருந்தது என்பது. பார்க்கத்தான் வந்தேன், வந்தபின் முடிவு மாறியது என்றால் சட்டம் ஏற்கிறது. இருந்துவிடவே வந்தேன் என்றால் விசாவைத் தவறாகப் பயன்படுத்தியதாகிறது.

இங்கே இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். ஒன்று, வெளியே சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருந்த எண்ணம். மற்றது, வாயால் அல்லது எழுத்தால் சொன்ன பொய். முதலாவதைப் பற்றி அந்நாட்டின் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1980-இல் கவாசோஸ் வழக்கிலும் 1981-இல் இப்ராகிம் வழக்கிலும் ஒரு நிலை எடுத்தது. குடிமக்களின் நெருங்கிய உறவினர் விஷயத்தில், வேறு பாதகமான காரணம் எதுவும் இல்லாதபோது, முன்பே எண்ணியிருந்தார் என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தைத் தள்ளுவது முறையல்ல என்பது அது. இரண்டாவதற்கு இந்த இரக்கம் இல்லை. தெரிந்தே சொன்ன பொய்யால் விசாவோ நுழைவோ பெற்றார் என்று முடிவானால் அது வாழ்நாள் தடை. அதிலிருந்து விலக்குப் பெற, தன் பிரிவால் மனைவி படும் துன்பம் வழக்கமானதைவிட மிகக் கடுமையானது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பொய் எங்கே நுழைகிறது? சுற்றுலா விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில், அமெரிக்காவில் உங்களுக்கு நெருங்கிய உறவினர் இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி வரும். யாரெல்லாம் நெருங்கிய உறவினர் என்பதில் கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோருடன் நிச்சயமான துணையும் சேர்த்தி. படிவத்தை ஏஜென்டிடம் கொடுத்து நிரப்பச் சொல்பவர் இதைப் படிப்பதே இல்லை. "இல்லைன்னு போடுங்க சார், அப்பதான் விசா கிடைக்கும்" என்று அறிவுரை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நிச்சயதார்த்தம் முடிந்தவருக்கு அந்த ஒரு 'இல்லை', பல மாதம் கழித்து கிரீன் கார்டு நேர்காணலில் அதிகாரியின் திரையில் இருக்கும். விமான நிலையத்தில் ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியில் பட்டுவேட்டியும் படிப்புச் சான்றிதழ்களின் அசலும் வைத்திருந்தவருக்கும் இதே கதிதான்.

இதற்கு மருந்தாக ஊரெல்லாம் சொல்லும் யோசனை, 90 நாள் பொறுத்துக் கல்யாணம் செய் என்பது. 30 நாள், 60 நாள் என்றிருந்த பழைய கணக்குக்குப் பதிலாக 2017-இல் வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு வகுத்த கணக்கு இது. வந்த 90 நாளுக்குள் விசாவுக்குப் பொருந்தாத காரியம் செய்தவர் பொய் சொல்லி வந்திருக்கலாம் என்று ஊகிக்க அவர்களுக்கு அது இடம் தருகிறது. உள்நாட்டில் கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குடியுரிமை, குடியேற்றப் பணிகள் துறையை அது கட்டுப்படுத்தாது. 91-ஆம் நாள் கல்யாணம் செய்தவரை அது காப்பாற்றாது. 20-ஆம் நாள் மனம் மாறி மணந்தவரை அது கெடுத்தும்விடாது. நாளை எண்ணிக் காத்திருப்பதே திட்டமிட்டதற்கு அடையாளமாகத் தெரியக்கூடும். இந்த விஷயத்தில் நான் கேட்ட யோசனைகளில் மிகவும் மோசமானது இதுதான்.

முதல் வழிக்கு வேறு விலையும் உண்டு. 2024 ஏப்ரல் கட்டணப்படி ஐ-130-க்குத் தாளில் 675 டாலர், ஐ-485-க்கு 1,440. வேலை அனுமதிக்கு 260, வெளிநாடு போய்த் திரும்பும் அனுமதிக்கு 630. மொத்தம் 3,005 டாலர். மருத்துவப் பரிசோதனைச் செலவு தனி. அந்தப் பயண அனுமதி கைக்கு வருமுன் ஊருக்குக் கிளம்பினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். மதுரையில் அம்மா ஐசியூவில் கிடக்கிறாள் என்று போன் வந்தால் அவன் என்ன செய்வான்? சில சமயம் அவசர அனுமதி தருவார்கள், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. விசா காலம் தாண்டியவருக்கு இன்னொரு பயமும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பரில் சான் டியேகோவில் கிரீன் கார்டு நேர்காணலுக்கு வந்த துணைவர்கள் சிலரை அந்த அலுவலகத்திலேயே கைது செய்தார்கள். விண்ணப்பம் சட்டப்படி செல்லும் என்பது வேறு, அது கையிலிருக்கும்போது யாரும் தொடமாட்டார்கள் என்பது வேறு.

உள்ளே இருந்தால் நீதிமன்றம் காக்கும் என்ற நம்பிக்கையையும் குறைத்துக்கொள்ள வேண்டும். 2022-இல் பங்கஜ்குமார் படேல் வழக்கில் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. இத்தகைய விண்ணப்பத்தில் குடியேற்ற அதிகாரிகள் எடுத்த உண்மை பற்றிய முடிவைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் திரும்பப் பார்க்க முடியாது. ஓட்டுநர் உரிமப் படிவத்தில் குடிமகன் என்ற கட்டத்தில் குறியிட்டது தவறுதலாகவா, வேண்டுமென்றேவா என்பதுதான் அந்த வழக்கில் கேள்வி. இவன் மனத்தில் என்ன இருந்தது என்பதும் அப்படிப்பட்ட கேள்வியே.

கே-1 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வியட்நாம் போர்க்காலத்தில், 1970-இல் வந்த ஏற்பாடு. இரண்டு ஆண்டுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். போனபின் 90 நாளுக்குள் கல்யாணம். அதற்குப்பின் மறுபடியும் ஐ-485. ஆக, வெளியே ஒரு காத்திருப்பு, உள்ளே ஒரு காத்திருப்பு. பணமும் மூன்றிலும் இதற்கே அதிகம். தமிழ்நாட்டவருக்கு இதில் தனியாக ஒரு கண்ணி இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணத்துக்காக அண்ணா ஆட்சியில் சேர்க்கப்பட்டது. இந்துக்கள் இருவர் உற்றார் உறவினர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ அதுவே செல்லுபடியாகும் கல்யாணம் என்கிறது அது. மண்டபம் பிடித்து மாலை மாற்றி நடத்திய நிச்சயதார்த்தப் படங்களை மும்பையில் நேர்காணல் நடத்தும் அதிகாரி பார்த்தால், உங்களுக்குக் கல்யாணமே ஆகிவிட்டதே, கே-1 எதற்கு என்று கேட்க இடமிருக்கிறது. நிச்சயத்தைக் காட்டக் கொண்டுபோன சான்றே நிச்சயத்துக்கு எதிராகத் திரும்பிவிடும். ஒரே ஒரு தரப்புக்குக் கே-1 உண்மையிலேயே பொருந்தும். தன்பாலினத் துணைவர்கள் இந்தியாவில் சட்டப்படி மணம் செய்துகொள்ள முடியாது. 2023 அக்டோபரில் நம் உச்சநீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. சுற்றுலா விசா கிடைக்காத அப்படிப்பட்டவர்களுக்கு இதுவே பிரதானமான கதவு.

இரண்டாவது வழிக்கு வருவோம். செலவு குறைவு: மனுவுக்கு 675, விசாவுக்கு 325, ஸ்பான்சர் ஆவணப் பரிசீலனைக்கு 120, கிரீன் கார்டு கட்டணம் 235. ஆக 1,355 டாலர். நாட்டுக்குள் கால் வைக்கும்போதே அவன் நிரந்தரவாசி. மறுநாளே வேலைக்குப் போகலாம், நினைத்தபோது ஊருக்கு வரலாம். கல்யாணமாகி இரண்டு ஆண்டு முடிந்தபின் நுழைந்தால் நிபந்தனையற்ற பத்தாண்டுக் கார்டே கிடைக்கும். மறுபடி ஐ-751 போட்டுக் கல்யாணத்தை நிரூபிக்கும் வேலை மிச்சம். எல்லாவற்றையும்விட, என் கணவனோடு வாழப் போகிறேன், என் மனைவியோடு வாழப் போகிறேன் என்று முதல் படிவத்திலிருந்து கடைசி நேர்காணல் வரை ஒரே பேச்சைப் பேசலாம். கொடுக்கும் விலை பிரிவு. பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டும். இடையில் சுற்றுலா விசாவில் போய்ப் பார்க்கச் சட்டத்தில் தடை இல்லாவிட்டாலும், மனு நிலுவையில் இருப்பவரை விமான நிலையத்தில் எளிதில் விடமாட்டார்கள்.

இந்த வழிக்கு எதிரான வலுவான வாதம் காலம் அல்ல, கதி. தூதரக அதிகாரி மறுத்தால் கேட்க நாதியில்லை. 1948-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் ஒருவரை மணந்து நியூயார்க் வந்த எல்லன் நாஃப், காரணமும் விசாரணையும் இல்லாமல் எல்லிஸ் தீவில் அடைக்கப்பட்டார். 1950-இல் உச்சநீதிமன்றம் அது சரி என்றது. பத்திரிகைகளும் நாடாளுமன்றத்தாரும் போராடியபின் 1951-இல்தான் அவர் உள்ளே விடப்பட்டார். அது பழைய காலம் என்று தள்ளிவிட முடியவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கறிஞர் சாண்ட்ரா முன்யோஸின் கணவர் விசா வாங்குவதற்காக எல் சால்வடார் போனார். குற்றக் கும்பலைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் 2015-இல் விசா மறுக்கப்பட்டது. உடம்பில் இருந்த பச்சைகுத்தல்களே அதற்குக் காரணம் என்று அந்தத் தம்பதி நம்பினார்கள். 2024 ஜூனில் உச்சநீதிமன்றம், வேற்றுநாட்டுக் கணவனைத் தன் நாட்டுக்குள் கொண்டுவர அரசியலமைப்பு குடிமகளுக்கு அடிப்படை உரிமை எதுவும் தரவில்லை என்று தீர்த்துவிட்டது. அந்தக் கணவர் 2005-இல் சோதனையின்றி எல்லை கடந்தவர், உள்ளிருந்து விண்ணப்பிக்கும் வாய்ப்பே அவருக்கு இல்லை. நம் கதையில் வரும் காதலன் அப்படியல்ல. இருந்தாலும், வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்ற பயம் வீண் பயமல்ல.

இவ்வளவையும் எடைபோட்டபின் என் தீர்ப்பு இது. போகும்போதே கல்யாணம் முடிவாகியிருந்தால், அங்கே கல்யாணம் செய்துகொள்ளுங்கள், அனுமதித்த காலத்துக்குள் திரும்புங்கள், தூதரகம் வழியாகப் போங்கள். உண்மையிலேயே மனம் அங்கே போனபின் மாறியது, படிவத்திலும் பேச்சிலும் பொய் எதுவும் இல்லை என்றால், முதல் வழியைக் கூசாமல் எடுங்கள்; அது சட்டம் திறந்து வைத்த கதவு. கர்ப்பம், நோய், திரும்பிப் போனால் ஆபத்து என்ற நிலைமைகளில் எண்ணம் சற்று முன்பே இருந்திருந்தாலும் அதுவே சரி. கவாசோஸ் தீர்ப்பு இருக்கிறது. பொய் சொல்லியிருந்தால் மூன்றில் எதையும் தொடாமல் முதலில் நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். தூதரக வழியும் அந்தப் பொய்யைக் கழுவாது.

மனைவி குடிமகள் அல்ல, கிரீன் கார்டு வைத்திருப்பவள் என்றால் கதை மாறுகிறது. அவள் கணவனுக்கு ஒதுக்கீட்டு வரிசை உண்டு. சுற்றுலா அனுமதி முடிந்தபின் அவன் அங்கே காத்திருக்க முடியாது. எச்-1பி-யில் தற்காலிகமாக வேலை பார்க்கிறவர் தன் துணையை எச்-4-இல் சில வாரங்களிலோ மாதங்களிலோ கூட்டிக்கொள்கிறார். நிரந்தரவாசி அதைவிட நெடுங்காலம் காத்திருக்கிறார். இதற்கு நியாயம் கற்பிக்க என்னால் முடியவில்லை.

சட்டத்தைப் பற்றிய தீர்ப்பும் சொல்லியாக வேண்டும். இதே கேள்விக்கு பிரிட்டன் வெளிப்படையாக முடியாது என்கிறது: பார்வையாளராக வந்தவர் அங்கிருந்தபடி துணை விசாவுக்கு மாற முடியாது, கல்யாணத்துக்கு வருகிறவருக்கென்றே ஒரு பார்வையாளர் விசா உண்டு, முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். கனடா முடியும் என்கிறது: நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பது தற்காலிகமாக வருவதற்குத் தடையல்ல, காலம் முடிந்தால் போவார் என்று அதிகாரி நம்பினால் போதும் என்று குடியேற்றச் சட்டத்தின் 22-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்கா, யோசிக்காமல் செய்தவருக்கு முடியும், யோசித்துச் செய்தவருக்கு முடியாது என்கிறது. வாழ்க்கையைத் திட்டமிடுகிறவரை இப்படித் தண்டிப்பது தவறு.

போலிக் கல்யாணத்தைத் தடுக்க இது வேண்டும் என்பார்கள். அதற்கு 1986 சட்டம் இருக்கிறது: இரண்டு ஆண்டு நிபந்தனைக் கார்டு, போலி என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. நுழைந்தபோதிருந்த எண்ணத்தைச் சோதிப்பதால் போலி பிடிபடுவதில்லை. நாட்களைக் கவனமாக அடுக்கிய போலித் தம்பதி தேறிவிடும், உண்மையைச் சொன்ன நிஜத் தம்பதி மாட்டிக்கொள்ளும். சலுகை தந்தால் எல்லோரும் சுற்றுலா விசாவில் வந்து குவிவார்கள், அதனால் அமெரிக்கத் துணை உள்ள யாருக்கும் விசாவே தரமாட்டார்கள் என்ற வாதம் இதைவிடக் கனமானது. ஆனால் இப்போதே நிலைமை அதுதான். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு ஒவ்வொரு பார்வையாளரையும் குடியேற வருகிறவராகவே ஊகிக்கச் சொல்கிறது. உள்ளதைச் சொன்ன காதலனுக்குச் சென்னை ஜன்னலில் கிடைப்பது பெரும்பாலும் மறுப்புத்தான்.

பிரிவின் கொடுமை அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தெரியாததல்ல. மனு நிலுவையில் இருக்கும்போதே கணவன் மனைவி சேர்ந்திருக்க 2000-இல் கே-3 என்று ஒரு விசாவைக் கொண்டுவந்தது. அதன் மனு நகர்வதற்குள் ஐ-130 தேறிவிடுவதால் கே-3 கோப்பு மூடப்படுகிறது. பெயரளவில்தான் அது உயிரோடிருக்கிறது. குடியேறும் எண்ணம் இருந்தாலும் தற்காலிக விசா பெறலாம் என்று எச்-1பி ஊழியருக்கு 1990-இலேயே சட்டம் எழுதிக் கொடுத்தாயிற்று. மென்பொருள் எழுதப் போகிறவனுக்குத் தந்த அந்த வரியைக் குடிமகளின் கணவனுக்கும் நீட்டினால், டிஎஸ்-160-இல் அந்தக் கேள்வி வரும்போது அவன் பயமின்றி 'ஆம்' என்று போடலாம்.