நான்காவது கால்
பவர் மாஸ்ஃபெட்டுக்குக் காலங்காலமாக மூன்று கால்கள்தான்: கேட், டிரெயின், சோர்ஸ். நான்காவது எதற்கு? வில்லங்கம் சோர்ஸ் காலில். பெரிய கரண்ட் ஓடுவதும் அதில்தான், கேட் சிக்னல் திரும்பி வருவதும் அதில்தான். அந்தக் காலின் இண்டக்டன்ஸ் 10 நானோஹென்றி என்று வைத்துக்கொள்வோம். நானோநொடிக்கு 1 ஆம்பியர் வீதம் கரண்ட் ஏறினால் 10 வோல்ட் எதிர்த்து நிற்கும். கேட்டுக்குச் சேர வேண்டியதை அதுவே விழுங்கிவிடும். ஸ்விட்ச் மந்தமாகும், சூடேறும். டிஓ-247-4 பேக்கேஜில் கேட் சிக்னல் திரும்புவதற்கென்றே ‘கெல்வின் சோர்ஸ்’ என்று தனிக் கால். எவ்வளவு எளிமை! சில கிலோவாட் பிஎஃப்சி (பவர் ஃபேக்டர் கரெக்‌ஷன்) சர்க்யூட்டில், அதுவும் சிலிக்கன் கார்பைடு என்றால், கொடுத்த காசுக்கு மோசமில்லை. போன் சார்ஜருக்கு? வீண் செலவு. ஆனால் ஒன்று, வேகம் கூடினால் ரிங்கிங்கும் கூடும். கேட் ரெசிஸ்டரை மறுபடி பார்த்துப் போட வேண்டும்.